மெல்லிய குரலின் நெடும்பயணம்

நடிப்புக் கலையிலே நீண்ட காலம் நிலைத்து நிற்பவர் மிகச் சிலரே. அதிலும் திரைப்பட நடிகைக்கு உலகம் வழங்கும் தவணை மிகக் குறுகியது. முகத்தின் இளமை மங்கத் தொடங்கும்போதே அவர் மீதிருந்த ஒளியும் வேறொருவர் பக்கம் திரும்பிவிடுகிறது. பத்து ஆண்டு புகழோடு இருந்தவர் பேறு பெற்றவர். இருபது ஆண்டு இருந்தவர் வியப்புக்குரியவர். இந்த வழக்கத்துக்கு விலக்காக, பதினான்கு வயதிலே 1931 ஆம் ஆண்டில் திரையிலே தோன்றி, தொண்ணூறு வயதை எட்டிய காலத்திலும் படத்துக்குக் குரல் கொடுத்து, நூறாண்டு நிறைவாழ்வு வாழ்ந்து 2017 இல் மறைந்தவர், பிரான்சு நாட்டு நடிகையும் பாடகியுமான டானியேல் டாரியூ அம்மையார். அவர் நடித்த படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. பேசும் படம் பிள்ளைப் பருவத்தில் இருந்தபோது அவரும் பிள்ளையாக இருந்தார். அது மூத்து முதிர்ந்தபோது அவரும் உடன் முதிர்ந்தார்.

இவருடைய கலையின் இயல்பை ஒரு சொல்லில் அடக்க வேண்டுமாயின், ‘இலேசு’ என்ற சொல்லே பொருந்தும். அவர் பாடும்போது பாடுகிறார் என்பதே தெரிவதில்லை. பேச்சு சற்றே மேலெழுந்து பாட்டாகி, மீண்டும் பேச்சாய் இறங்கிவிடும். அழும்போதும் ஆர்ப்பாட்டம் இல்லை. சிரிப்பு பாதியில் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் இலேசு என்பது நற்குணமா, குறையா? துன்பம் சூழ்ந்த காலத்திலே அது மக்களுக்கு ஆறுதலா, அன்றி உண்மையை மறைக்கும் திரையா? இந்த வினாவை வரலாறு டாரியூ அம்மையாரின் முன்னே மிகக் கடுமையாக நிறுத்தியது. அவர் அதற்கு அளித்த விடை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பின்வந்த அறுபது ஆண்டுக் கலையிலே எழுதப்பட்டது.

1917 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் திகதி, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலே, பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ நகரில் அவர் பிறந்தார். தந்தையார் மருத்துவர்; மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே காலமானார். தாயார் பாடகி, பிறருக்குப் பாட்டுக் கற்பித்தவர். பாரிஸ் நகரில் வளர்ந்த சிறுமி அங்குள்ள இசைக் கல்லூரியிலே செல்லோ என்ற கருவியைப் பயின்றார். செல்லோ, வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய கருவி. தரையில் ஊன்றி வைத்து வில்லினால் மீட்டப்படுவது. மனிதக் குரலை மிக நெருங்கிய நாதம் உடையது. அதனைப் பயில்பவர் முதலிற் கற்றுக்கொள்வது, வில்லை அழுத்தாமல் நீளமாக இழுத்து, ஒலி அறாமற் காப்பது. பிற்காலத்தில் அவர் வசனம் பேசிய முறையைக் கேட்டவர்களுக்கு இந்தப் பயிற்சி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

அக்காலத்திலே ஐரோப்பியத் திரையுலகம் பெரியதொரு மாற்றத்துக்கு உட்பட்டிருந்தது. மௌனப் படம் மறைந்து பேசும் படம் வந்தது. அழகான முகம் மட்டும் இருந்தாற் போதாது, கேட்கத்தக்க குரலும் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. வில்ஹெல்ம் தீலே என்ற நெறியாளர் ‘லெ பால்’ என்ற படத்துக்குப் பாடத் தெரிந்த ஒரு சிறுமியைத் தேடினார். டாரியூ தெரிவுசெய்யப்பட்டார். ‘நடன விருந்து’ என்று பொருள்படும் இக்கதை, இரேன் நெமிரோவ்ஸ்கி என்ற இளம் எழுத்தாளர் 1930 இல் வெளியிட்ட சிறு நாவல். திடீரெனச் செல்வம் பெற்ற குடும்பம் ஒன்று ஊரறிய விருந்து வைக்க விரும்புகிறது. அந்த விருந்திலே மகளுக்கு இடம் இல்லை. மனம் புண்பட்ட மகள், அஞ்சலிற் சேர்க்க வேண்டிய அழைப்பிதழ்களை யெல்லாம் ஆற்றில் எறிந்துவிடுகிறாள். விருந்தினர் எவரும் வராத மண்டபத்திலே பெற்றோர் காத்திருக்கின்றனர். இந்தக் கதையை எழுதியவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. அப்பெயர் பின்னர் மீண்டும் வரும்.

அந்தச் சிறுமியின் குரல் பெரிய குரல் அன்று. ஆனால் காலம் அவருக்குத் துணையாக இருந்தது. ஒலிவாங்கி வருவதற்கு முன்னர், பாடகரின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை தானே சென்று சேர வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்த பின்னர், காதருகே இரகசியம் சொல்வது போலப் பாடினாலும் ஆயிரம் பேர் கேட்க முடிந்தது. உரத்த குரலுக்கு இருந்த மதிப்பு, உண்மையான குரலுக்கு வந்தது. 1930 களின் பிரெஞ்சுப் படங்களிலே டாரியூ பாடிய பாட்டுக்கள் இத்தகையவை. கதை நடந்துகொண்டிருக்கும்போது, வீட்டுப் பெண் வேலை செய்துகொண்டே முணுமுணுப்பது போல அவை பிறந்தன. மக்கள் அவற்றை எளிதில் தாமும் பாடினர்.

1935 இல் அவர் ஹென்றி தெக்குவான் என்ற நெறியாளரை மணந்தார். விளையாட்டுப் பிள்ளையாக மட்டும் தோன்றிய நடிகைக்குக் கனமான பாத்திரங்களும் பொருந்தும் என்று கண்டு எடுத்துக் காட்டியவர்களுள் தெக்குவான் முதன்மையானவர். அடுத்த ஆண்டிலே அனத்தோல் லித்வாக் நெறிப்படுத்திய ‘மயர்லிங்’ வெளிவந்தது. ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் ருடோல்பும் மரியா வெட்சேரா என்ற இளம் பெண்ணும் 1889 இல் ஒருங்கே உயிர் நீத்த உண்மைச் சம்பவத்தை அது கூறுகிறது. சார்ள்ஸ் புவாயே இளவரசராக நடித்தார். மரியாவாக நடித்த டாரியூவுக்கு அப்போது வயது பதினெட்டு. அப்படம் அவரைக் கடல் கடந்த நாடுகளுக்கும் அறிமுகஞ் செய்தது. ஹொலிவூட் அழைத்தது, யுனிவர்சல் நிறுவனத்துக்காக 1938 இல் ‘பாரிஸின் மோகம்’ என்ற நகைச்சுவைப் படத்திலே டக்ளஸ் பெயர்பாங்க்ஸ் இளையவருடன் நடித்தார். அந்த ஒரு படத்துடன் அவர் தாயகம் திரும்பினார்.

1940 யூன் மாதத்திலே ஜேர்மன் படைகள் பாரிஸ் நகரைக் கைப்பற்றின. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரான்சின் விஷி அரசு பிறப்பித்த சட்டம், யூதர்களைத் திரைப்படத் தொழிலினின்றும் விலக்கியது. அதே ஆண்டில், ஜேர்மன் முதலீட்டோடு, அல்பிரட் கிரேவன் என்பவரின் தலைமையிலே கொன்றினென்றல் என்ற படநிறுவனம் பாரிஸில் அமைந்தது. முதலும் வசதியும் அதனிடம் இருந்தன. அது மொத்தம் முப்பது படங்களைத் தயாரித்தது. அவற்றுள் ஆரம்பத்தில் வந்த பெரு வெற்றிகளில் ஒன்று, 1941 இல் தெக்குவான் நெறிப்படுத்த, டாரியூ நடித்த ‘முதற் சந்திப்பு’. அநாதை இல்லத்திலே வளரும் ஒரு பெண், பத்திரிகை விளம்பரத்தின் மூலம் முகமறியாத ஒருவருடன் கடிதத் தொடர்பு கொள்கிறாள். இல்லத்தை விட்டு ஓடிச் சந்திக்கச் சென்றால், வந்திருப்பவர் வயது முதிர்ந்த ஆசிரியர். கதை வேடிக்கையாகச் சென்று இன்பமாக முடிகிறது. படத்திலே போர் இல்லை, பகைவன் இல்லை, பங்கீட்டு அட்டை இல்லை. அதன் தலைப்புப் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது.

அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் யார்? குளிரிலும் அரைவயிற்று உணவிலும் வாடிய மக்கள். திரையரங்கிலே இரண்டு மணி நேரம் அவர்களுக்குத் துன்பம் மறந்திருந்தது. இதனை எவரும் குற்றமாகக் கூற முடியாது. ஆனால், இதே காலத்தில் ஜேர்மனியின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் 1942 ஆம் ஆண்டு நாட்குறிப்பிலே எழுதி வைத்த செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சு மக்களுக்கு இலேசான, உள்ளீடற்ற படங்களே தரப்பட வேண்டும். அவர்களுடைய தேசிய உணர்ச்சியை வளர்க்கும் சிறந்த படங்கள் தரப்படலாகாது என்பதே அவருடைய கொள்கை. மக்கள் ஆறுதல் என்று எண்ணிப் பெற்றுக்கொண்டதை, ஆட்சியாளர் உறக்க மருந்தாகக் கருதிக் கொடுத்தனர். பாடியவரின் குரலிலே வஞ்சகம் இல்லை; ஆயினும் அந்தக் குரல் எவருடைய கையிலே இருந்தது என்பது வேறு கேள்வி.

1942 மார்ச் மாதத்திலே பிரெஞ்சுத் திரைக் கலைஞர் சிலர் பாரிஸிலிருந்து பேர்லினுக்குப் புகையிரதம் ஏறினர். அல்பேர் பிரேஜான், விவியான் ரொமான்ஸ், சூசி தெலேர், யூனி அஸ்தோர் ஆகியோருடன் டாரியூ அம்மையாரும் சென்றார். ‘முதற் சந்திப்பு’ பேர்லினில் திரையிடப்படுவதை ஒட்டி அப்பயணம் ஏற்பாடாயிற்று. புகையிரத நிலைய மேடையிலே எடுக்கப்பட்ட புகைப்படங்கள் அன்றும் பரப்பப்பட்டன. இன்றும் நூல்களிலே காணப்படுகின்றன.

அவர் ஏன் சென்றார்? தெக்குவானுடன் மணமுறிவு ஏற்பட்ட பின்னர், டொமினிக்கன் குடியரசின் இராசதந்திரியாகிய பொர்பீரியோ ருபிரோசாவை அவர் மணக்க இருந்தார். அக்குடியரசு 1941 டிசம்பரிலே ஜேர்மனிக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் செய்ததனால், ருபிரோசா ஜேர்மனியிலே தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அவரைக் காணவும் விடுவிக்கவுமே தாம் சென்றதாக டாரியூ அம்மையார் பிற்காலத்திலே கூறினார். அவருடைய சகோதரரை நாடு கடத்துவதாகக் கிரேவன் அச்சுறுத்தினார் என்றும் சொல்லப்படுகிறது. ருபிரோசா விடுதலை பெற்றார். 1942 இல் இருவரும் மணந்தனர். டாரியூ கொன்றினென்றல் நிறுவனத்துடன் இருந்த தொடர்பை முறித்துக்கொண்டார். அதன் பின்னர் அல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள மெஜேவ் என்னும் ஊரிலே கண்காணிப்பின் கீழ் வாழ்ந்தார். புகழின் உச்சியில் இருந்த நடிகை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் திரையிலே தோன்றவில்லை.

இந்த இடத்திலே, முன்னர் குறிப்பிட்ட பெயர் மீண்டும் வருகிறது. ‘லெ பால்’ கதையை எழுதிய இரேன் நெமிரோவ்ஸ்கி யூதக் குலத்திற் பிறந்தவர். டாரியூ பேர்லின் சென்று வந்த அதே 1942 இல், யூலை மாதத்திலே அவர் கைதுசெய்யப்பட்டு ஓஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஓகஸ்ட் மாதத்திலே அங்கே இறந்தார். வயது முப்பத்தொன்பது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே படத்தின் முகப்பிலே இணைந்திருந்த இரு பெண்களின் பெயர்களை, இரு வேறு புகையிரதங்கள் இரு வேறு திசைகளுக்குக் கொண்டு சென்றன.

இந்த இரண்டையும் ஒரே தராசிலே வைத்து நிறுப்பது நீதியாகாது. மணக்க இருந்தவரை மீட்கச் சென்ற இருபத்துநான்கு வயதுப் பெண், நெமிரோவ்ஸ்கியின் முடிவுக்குக் காரணர் அல்லர். ஆனால், அச்சத்தினாலும் அன்பினாலும் சென்றார் என்பதற்காக, அந்தப் புகைப்படங்கள் செய்த வேலை இல்லையென்று ஆகிவிடாது. பகைவனுடன் வாழ்வது இயல்பானதே, இனிமையானதே என்ற எண்ணத்தை அவை பரப்பின. மறுக்கும் துணிவு படைத்தோர் அக்காலத்தில் இருந்தனர். மறுத்ததற்காக உயிர் கொடுத்தோரும் இருந்தனர். போர் முடிந்த பின்னர் அம்மையார் மீது பெருந் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. 1946 இல் அவருடைய படங்கள் மீண்டும் திரைக்கு வந்தன. சட்டம் அத்துடன் கணக்கை முடித்தது. கலையின் கணக்கு அப்போதுதான் தொடங்கியது.

அந்தக் கணக்கைத் திறந்தவர் மாக்ஸ் ஒபூல்ஸ். ஜேர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1933 இல் நாட்டை விட்டு வெளியேறி, பிரான்சிலும் பின்னர் அமெரிக்காவிலும் அடைக்கலம் புகுந்து, போருக்குப் பின் பாரிஸ் திரும்பிய நெறியாளர் அவர். தாம் அனுபவித்த துன்பங்களுக்குப் பிறகும், கனத்த படங்களை அவர் எடுக்கவில்லை. வால்ஸ் நடனம், மாளிகை, மெழுகுவர்த்தி, பட்டாடை இவையே அவர் உலகம். ஆனால் அந்த அழகின் அடியிலே ஒரு பள்ளம் இருக்கிறது என்பதை அவர் அறிவார். 1950 இல் ‘லா ரோந்து’, 1952 இல் மோப்பசானின் கதைகளைத் தழுவிய ‘இன்பம்’, 1953 இல் ‘மடாம் த...’ என மூன்று படங்களிலும் அவர் டாரியூவையே நாடினார். ‘இன்பம்’ படத்தின் நடுக்கதையிலே, ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், சிறுமிகளின் முதல் நற்கருணை விழாவைக் காண வந்த விலைமகளிர் தம் பிள்ளைப் பருவத்தை எண்ணி அழும் காட்சி உண்டு. முதலில் கண் கலங்குபவர் டாரியூ. ஒருவர் கண்ணீர் ஆலயம் முழுவதையும் அழ வைக்கிறது. ஆயினும் காட்சியிலே மிகை என்று கூற ஒன்றும் இல்லை.

‘மடாம் த...’ அவருடைய கலையின் சிகரம் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் முடிவு. கணவராகிய படைத்தலைவர் திருமணப் பரிசாக அளித்த வைரத் தோடுகளை, கடன் தீர்ப்பதற்காக ஒரு சீமாட்டி இரகசியமாக விற்றுவிடுகிறார். தொலைந்துவிட்டன என்று பொய் கூறுகிறார். தோடுகள் கைமாறிக் கைமாறி, கொன்ஸ்தாந்திநோப்பிள் வரை சென்று, ஓர் இத்தாலிய இராசதந்திரியின் காதற் பரிசாக மீண்டும் அவரிடமே வந்து சேர்கின்றன. முன்னர் விற்பனைப் பொருளாக இருந்தவை இப்போது உயிருக்கு நிகராகின்றன. படத்தின் தொடக்கத்திலே சீமாட்டியின் முகம் தெரிவதில்லை. அலுமாரியைத் திறந்து ஆடைகளையும் நகைகளையும் தடவிப் பார்க்கும் கை தெரிகிறது. ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கும் குரல் கேட்கிறது. முகம் பின்னரே கண்ணாடியில் தோன்றுகிறது. குரலாலே ஒரு முழுப் பாத்திரத்தையும் அறிமுகஞ் செய்துவிடலாம் என்று ஒபூல்ஸ் நம்பினார்; அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

வெறுமையை நடித்துக் காட்டுமாறு ஒபூல்ஸ் தம்மிடம் வேண்டியதாக அம்மையார் பின்னாளிற் சொல்வதுண்டு. அழகும் நளினமும் உள்ளவர், உள்ளே ஒன்றும் இல்லாதவர். அத்தகைய பெண் படிப்படியாக மெய்யான துன்பத்தை அடைவதே கதை. ஒரு காட்சியில், கதவுக்குப் பின்னே நின்று, தாம் நேசிக்கும் மனிதரிடம் நேசிக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கூறுகிறார். சொற்கள் மறுக்கின்றன, குரல் ஒப்புக்கொள்கிறது. பொய்யோடு விளையாடியவர் பொய்யினாலேயே அழிகிறார் என்ற கதையை, அவரே எந்த விளக்கமும் கூறாமல் நடித்துக் காட்டினார். 1941 இல் இலேசு என்பது துன்பத்தை மறைக்கும் திரையாக இருந்தது. 1953 இல் அதே இலேசு, துன்பத்தை ஊடுருவிக் காட்டும் கண்ணாடியாக மாறியது.

அந்தப் பத்தாண்டிலே அவர் ஏற்ற பாத்திரங்கள் பல. 1954 இல் ஸ்தாந்தாலின் ‘சிவப்பும் கறுப்பும்’ நாவல் படமானபோது, ஜெரார் பிலிப்புடன் திருமதி ரெனாலாக நடித்தார். 1955 இல் மார்க் அலெக்ரே நெறிப்படுத்திய ‘சாற்றர்லி சீமாட்டியின் காதலர்’ அமெரிக்காவிலே வழக்குக்கு உள்ளாயிற்று. பிறன்மனை நயத்தலை ஏற்கத்தக்கதாகக் காட்டுகிறது என்று கூறி நியூயோர்க் மாநில அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். 1959 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பெரும்பான்மையோர் ஏற்காத கருத்தையும் எடுத்துரைக்கும் உரிமை திரைப்படத்துக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதே 1959 இல் வெளிவந்த ‘மரி ஒக்டோபர்’ என்ற படம் சிறப்பாகக் கருதத்தக்கது. யூலியன் துவிவியே நெறிப்படுத்திய இதன் கதை ஓர் இரவில், ஒரே வீட்டிலே நடப்பது. ஜேர்மனியருக்கு எதிராக இரகசியமாகப் போராடிய குழு ஒன்றின் உறுப்பினர்கள், பதினைந்து ஆண்டுகளின் பின்னர் ஒன்றுகூடுகின்றனர். அவர்களுள் ஒருவரே தலைவரைக் காட்டிக்கொடுத்தவர். அவர் யார் என்று கண்டறிய வேண்டும். கேள்வி கேட்பவர் டாரியூ. பேர்லின் புகையிரத மேடையை மறவாத மக்கள் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டிலே, பழைய துரோகத்தைத் தோண்டி எடுக்கும் பெண்ணாக அவர் நடித்தார். இங்கே அவர் குரலில் இனிமை குறைவு. ஒவ்வொரு சொல்லும் அளந்து வைக்கப்படுகிறது. திரையிலே தோன்றும் குற்றவாளி ஒருவர். ஆனால் அந்தக் கேள்விகள் திரைக்கு வெளியேயும் சென்று விழுகின்றன.

இதற்கிடையே பிரெஞ்சுத் திரையுலகிலே புதிய தலைமுறை ஒன்று எழுந்தது. 1954 சனவரியிலே பிரான்சுவா த்ரூபோ என்ற இளைஞர் எழுதிய கட்டுரை, நாவல்களை அழகுற அலங்கரித்துப் படமாக்கும் பழைய மரபைக் கடுமையாகச் சாடியது. அம்மையார் நடித்த படங்கள் பல அந்த மரபைச் சேர்ந்தவை. மரபுடன் சேர்த்து நடிகையையும் ஒதுக்கிவிடுவர் என்று தோன்றியது. அவ்வாறு நிகழவில்லை. அந்தப் புதிய அலையைச் சேர்ந்த குளோத் சப்ரோல் 1963 இல் ‘லாந்த்ரு’ படத்துக்கு அவரை அழைத்தார். ஒபூல்ஸை ஆசானாகப் போற்றிய யாக் தெமி, 1967 இல் ‘ரோஷ்போர் நகரத்து நங்கையர்’ படத்துக்கு அவரை அழைத்தார்.

‘ரோஷ்போர்’ ஆடலும் பாடலும் நிறைந்த வண்ணப் படம். இசை அமைத்தவர் மிஷேல் லெகிரான். கதரின் தெனவும், அவருடைய உடன்பிறந்த மூத்த சகோதரி பிரான்சுவாஸ் தொர்லியாக்கும் இரட்டையராக நடித்தனர். அவர்களின் தாயாக, நகரச் சதுக்கத்திலே கண்ணாடிச் சுவர்கள் கொண்ட உணவுச்சாலை நடத்தும் இவோன் என்ற பெண்ணாக டாரியூ தோன்றினார். இவோனுக்கு ஒரு பழைய கவலை உண்டு. முன்னர் ஒருவரை நேசித்தார். அவருடைய குடும்பப் பெயர் ‘தாம்’. பிரெஞ்சிலே தாம் என்றால் சீமாட்டி. மணந்துகொண்டால் தம்மை ‘மடாம் தாம்’, அதாவது ‘சீமாட்டி சீமாட்டி’ என்று ஊர் அழைக்குமே என்று நாணி விலகிச் சென்றார். கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஓர் அற்பக் காரணத்துக்காக வாழ்வைத் தவறவிட்ட பெண்ணின் துயரம் அதிலே இருக்கிறது. அவர் அதனைப் பாடுகையில் இரண்டும் ஒருங்கே கேட்கின்றன.

பின்னணிக் குரல் என்ற வழக்கம் தமிழ்ப் படம் பார்ப்போருக்குப் புதிதன்று. ‘ரோஷ்போர்’ படத்திலும் முதன்மை நடிகர்கள் எல்லோருக்கும் வேறு பாடகர்களே குரல் கொடுத்தனர். விலக்கு ஒருவர் மட்டுமே: ஐம்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்த டாரியூ அம்மையார், தமது சொந்தக் குரலிலே பாடினார். 1982 இல் தெமி எடுத்த ‘நகரில் ஓர் அறை’ படத்திலும் அவ்வாறே. 1955 இல் நாந்த் நகரக் கப்பற் கட்டுமானத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட அப்படத்திலே, பேச்சு முழுவதும் பாட்டாகவே அமைந்தது. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கு வாடகைக்கு அறை கொடுத்துள்ள பிரபுக் குலத்து விதவையாக அவர் நடித்தார். இந்த இரு படங்களுக்கும் இடையிலே, 1970 இல், நியூயோர்க் மேடையில் ‘கோகோ’ என்ற இசை நாடகத்திலே கதரின் ஹெப்பேர்னுக்குப் பின் கோகோ ஷனேலின் பாத்திரத்தை ஏற்றுப் பாடியதும் உண்டு.

1985 இல் பிரெஞ்சுத் திரையுலகம் கௌரவ சேசர் விருது அளித்தது. அத்தகைய விருது பெரும்பாலும் விடைபெறும் மாலையாகவே அமையும். இவருக்கு அது இடைவேளையாயிற்று. 2003 இல் ‘ஒஸ்காரும் ரோசா நிற அம்மையாரும்’ என்ற தனிநடிப்பு நாடகத்துக்காகச் சிறந்த நடிகைக்குரிய மொலியேர் விருதைப் பெற்றார். மரணத்தை எதிர்நோக்கும் பத்து வயதுச் சிறுவன் கடவுளுக்கு எழுதும் கடிதங்கள் அந்நாடகத்தின் பொருள். அச்சிறுவனையும் மற்றையோரையும் ஒரே மூதாட்டியின் குரல் மேடையிலே உயிர்ப்பித்தது.

அதற்கு முந்திய ஆண்டில், 2002 இல், பிரான்சுவா ஓசோன் நெறிப்படுத்திய ‘எட்டுப் பெண்கள்’ வெளிவந்தது. பனி சூழ்ந்த வீடு ஒன்றிலே எட்டுப் பெண்கள்; ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு. இறுதிப் பாட்டு, பாட்டியாக நடித்த டாரியூ அம்மையாருக்கு உரியது. அது லூயி அரகோன் எழுதிய கவிதை. மெட்டமைத்தவர் யோர்ஜ் பிரசான்ஸ். அரகோன், ஜேர்மன் ஆட்சியை எதிர்த்த கவிஞர்களுள் முன்னணியில் நின்றவர். அந்தக் கவிதை 1943 இல், பிரான்சு அடிமைப்பட்டிருந்த வேளையிலே எழுதப்பட்டது. மனிதன் உறுதியாகப் பற்றிக்கொள்ளத்தக்கது எதுவும் இல்லை என்பதும், அன்பும் துன்பமும் பிரியா என்பதும் அதன் கருத்து. 1941 இலே கவலையற்ற பாட்டைப் பாடிய அதே குரல், அதே கொடிய காலத்திலே பிறந்த கவலையின் பாட்டை அறுபது ஆண்டுகளின் பின்னர் பாடியது. குரல் தேய்ந்திருந்தது, மூச்சு குறைந்திருந்தது. ஆனால் அழுத்தம் இல்லை, அதே இலேசு. அந்தப் படத்தின் எட்டு நடிகையருக்கும் கூட்டாக வெள்ளிக் கரடி விருது வழங்கப்பட்டது. வழங்கிய விழா பேர்லின் நகரத்துத் திரைப்பட விழா.

இதனைப் பிராயச்சித்தம் என்று கூறுவது எளிது. ஆனால் அது பொருந்தாது. பாட்டைத் தெரிவுசெய்தவர் நெறியாளர். பாடியவர் எந்த விளக்கமும் கூறவில்லை. பழைய பயணத்தை எந்தப் பாட்டும் அழித்துவிடாது. எனினும் ஒன்று சொல்லலாம். இளமையிலே அவர் பாடிய பாட்டுக்குத் துன்பம் தெரியாது. முதுமையிலே பாடிய பாட்டுக்குத் தெரியும். இரண்டையும் பாடிய தொண்டை ஒன்றே. காலம் அந்தக் குரலுக்குள்ளே வைத்துச் சென்றதை அவர் மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை.

2007 இல் வெளிவந்த ‘பெர்சப்பொலிஸ்’ என்ற சித்திரப் படத்திலே அம்மையாரின் முகமே இல்லை. ஈரானியப் பெண் மர்ஜான் சத்ராபி தம் பிள்ளைப் பருவத்தைக் கூறும் அப்படத்தில், பேத்திக்கு நேர்மையைப் போதிக்கும், மல்லிகை மணம் கமழும் பாட்டிக்கு அவர் குரல் கொடுத்தார். குரலுக்காகத் தெரிவுசெய்யப்பட்ட சிறுமி, எழுபத்தாறு ஆண்டுகளின் பின்னர் குரலாக மட்டும் எஞ்சினார். 2017 ஒக்டோபர் 17 ஆம் திகதி நோர்மண்டிப் பகுதியிலுள்ள தம் இல்லத்திலே அவர் உயிர் பிரிந்தது.

கலைஞர் வாழும் காலத்தை அவரே தெரிவுசெய்துகொள்வதில்லை. அந்தக் காலம் தம் குரலைக் கொண்டு என்ன செய்கிறது என்பதைச் சில வேளைகளில் அவர் அறிவதும் இல்லை. அறிந்த பின்னர் மௌனமாகிவிடுவோர் உண்டு. உரத்துப் பேசித் தப்புவோர் உண்டு. டானியேல் டாரியூ இரண்டையும் செய்யவில்லை. பாடிக்கொண்டே இருந்தார்; பாட்டிலே சிறிது சிறிதாக உண்மையைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பழைய படங்களைக் காணும் வாய்ப்புப் பெறும் நேயர்கள், முகத்தை மட்டும் பார்த்திராமல், ஒரு கணம் கண்ணை மூடிக் குரலைக் கேட்பார்களாயின், ஒரு நூற்றாண்டின் இன்பமும் பிழையும் துயரமும் அந்த மெல்லிய இழையிலே கோக்கப்பட்டிருப்பதை உணர்வர்.